ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்: ஆறு பாடத்தையும் ஒரே மாதிரி படித்தால் சரிவருமா?

மங்கலான_பென்சில்:

எல்லோருக்கும் வணக்கம். ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், வரலாறு, தமிழ் என்று ஆறு பாடம். படிக்காமல் சுற்றுகிற ஆள் இல்லை நான், மாலையில் உட்கார்ந்தால் தூங்கப் போகும்வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறேன். பாடத்துக்கு ஒரு மணி நேரம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியும் ஆயிற்று. ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு மூன்று தடவை வாசிப்பேன், முக்கியமான வரிக்கு மஞ்சள் மார்க்கர் போடுவேன் (இப்போதெல்லாம் மஞ்சள் இல்லாத வரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது).

வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் பாதி காணாமல் போய்விடுகிறது. கணக்கில் எடுத்துக்காட்டைப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் புரிகிறது, அதே மாதிரி ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது. வரலாற்றில் வருடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. உயிரியல் பிடிக்கும் என்பதால் அதன் ஒரு மணி நேரம் இரண்டாகிவிடும், அடி விழுவது வேதியியலுக்கு.

ஒரு பாடத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதா, தினமும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவதா? எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது? "நன்றாகப் படி" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அது வீட்டிலேயே போதுமான அளவு கிடைக்கிறது.

கரும்பலகை:

தம்பி, நான் கணக்கு எடுக்கிற ஆசிரியர், அதனால் கணக்கைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

எடுத்துக்காட்டு புரிகிறது, தனியாக வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஆச்சரியமே இல்லை. அடுத்தவர் போட்ட கணக்கைப் பின்தொடர்வது ஒரு வேலை, வெறுந்தாளில் எங்கே தொடங்குவது என்று முடிவெடுப்பது வேறு வேலை. தேர்வு கேட்பது இரண்டாவதை, நீங்கள் பழகியிருப்பது முதலாவதை. இனிமேல் எடுத்துக்காட்டைப் படிக்கும்போது விடையை ஒரு தாளால் மறைத்துவிட்டு, முதல் வரியை நீங்களே எழுதுங்கள். எழுதிய பிறகு தாளை ஒரு வரி மட்டும் இறக்கிப் பாருங்கள். சரியென்றால் அடுத்த வரியையும் நீங்களே எழுதுங்கள். தவறென்றால் ஏன் அந்த வரி வந்தது என்று யோசித்துவிட்டுத் தொடருங்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை மறுபடி முழுதாகப் போடுங்கள். மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை.

அடுத்து, கணக்குகளைக் கலந்து போட வேண்டும். இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. "இரண்டு எண்களின் கூடுதல் 15, பெருக்கற்பலன் 56, அந்த எண்கள் எவை" என்ற கேள்வி இருபடிச் சமன்பாடு என்ற தலைப்புக்குக் கீழே இருந்தால் யாருக்கும் வரும், தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. வினாத்தாளில் தலைப்பு இருக்காது. இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிப்பதும் கணக்கில் சேர்த்திதான். ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கனவடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகப் பிரித்துப் போட்டது, இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சியின்போது வகை பிரித்துப் போட்டவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ அவர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63 சதவீதம். பயிற்சியில் தடுமாறுகிறோமே என்று பயந்து எல்லோரும் வகைப் பயிற்சிக்கே திரும்பிவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான். கணக்குப் புத்தகத்தின் ஐந்து பாடத்திலிருந்து பாடத்துக்கு இரண்டு கணக்கு எடுத்துச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டுக் கொண்டு உட்காருங்கள்.

ஒரு தனி நோட்டில் தப்புகளை மட்டும் எழுதி வையுங்கள், விடையோடு அல்ல, காரணத்தோடு. "கவனக்குறைவு" என்று எழுதினால் அதனால் ஒரு பயனும் இல்லை. 10 − (4 − 7) என்பதற்கு விடை 13. பலர் −1 என்று எழுதுவார்கள், அடைப்புக்குறியை நீக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டாவது குறியை மாற்றுவதில்லை. அதைக் கவனக்குறைவு என்றே விட்டுவிட்டால் அடுத்த தேர்விலும் அதே இடத்தில் விழுவீர்கள், "அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல்" என்று பெயர் வைத்து எழுதினால் அந்தக் குறியைக் கண்டதும் கை தானாக நிற்கும்.

அரைத்தூக்கம்:

கரும்பலகை சார் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒரு சின்ன திருத்தம் மட்டும். ஒரு பாடம் சுத்தமாகவே தெரியாது என்றால் எடுத்த எடுப்பில் கலக்கக் கூடாது. முதலில் ஒரே வகையில் நாலைந்து கணக்காவது போட்டுக் கை பழகட்டும், அப்புறம் கலக்கலாம். சூத்திரமே தெரியாதவன் சீட்டைக் குலுக்கினால் தலைவலிதான் மிச்சம்.

நான் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். பள்ளி இயற்பியலில் பெரும்பாலான மதிப்பெண் போவது அலகில். உதாரணத்துக்கு, மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் பிரேக் போடுகிறது, வேகம் குறையும் வீதம் 4 மீட்டர்/வினாடி², எவ்வளவு தூரத்தில் நிற்கும்? 72-ஐ வினாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றி, வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் 400/8, அதாவது 50 மீட்டர். மாற்றாமல் 72-ஐ அப்படியே போட்டால் 648 மீட்டர் வரும். கணக்கிடும் கருவிக்கு எல்லாம் ஒன்றுதான், 648 என்று தயங்காமல் காட்டும். பிரேக் போட்ட கார் அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுமா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். ஆகவே கொடுத்திருப்பதை அலகோடு இடது ஓரத்தில் எழுது, மாற்று, அப்புறம் சூத்திரத்தைத் தொடு. வருவிப்புகளை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இது எங்கிருந்து வந்தது" என்று ஒரு சொல் எழுதிப் பாருங்கள், எழுத முடியாத வரிதான் தேர்வில் மறக்கப் போகிற வரி.

வேதியியலை ஒரே பாடமாக நினைப்பதால்தான் எல்லோருக்கும் அது கனக்கிறது என்று தோன்றுகிறது. மோல் கணக்குகள் கணக்குப் பாடம் மாதிரி, போட்டுத்தான் பழக வேண்டும். சமன்பாடுகள் மொழிப்பாடம் மாதிரி, தினமும் ஐந்து எழுத வேண்டும், எழுதி இரண்டு பக்கமும் அணுக்களை எண்ண வேண்டும். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபெரிக் ஆக்சைடு ஆவதற்கு 4, 3, 2 என்ற எண்களை மனப்பாடம் செய்தவனிடம் அலுமினியத்தைக் கொடுத்தால் விழிப்பான், அதற்கும் அதே 4, 3, 2 தான். எண்ணிப் பழகியவனுக்கு இரண்டும் ஒன்று. மிச்சம் இருக்கும் நிறங்கள், பண்புகள், பயன்கள் இதெல்லாம் நேரடி மனப்பாடம், சீட்டு போட்டுத்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மங்கலான_பென்சில்:

மிக்க நன்றி சார், நன்றி அண்ணா. (தம்பி இல்லை சார், தங்கைதான்!) 648 மீட்டர் கார் நன்றாக இருக்கிறது. சீட்டு என்றால் எப்படிப் போட வேண்டும்? அந்த மார்க்கர் வேலையை விட்டுவிடலாமா?

பழைய_மை:

மார்க்கரைத் தாராளமாக விட்டுவிடலாம். 2013-இல் ஜான் டன்லாஸ்கியும் வேறு சில உளவியல் ஆய்வாளர்களும் சேர்ந்து, மாணவர்கள் வழக்கமாகக் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். கோடு போடுவது, திரும்பத் திரும்ப வாசிப்பது இரண்டுக்கும் "பயன் குறைவு" என்ற இடம்தான் கிடைத்தது. மேலே வந்தவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது. வாசிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பதற்குக் காரணம், அந்தப் பக்கம் பழகிவிட்டது, அவ்வளவுதான். பழகிய முகத்தைத் தெருவில் பார்த்தால் தெரியும், பெயரைக் கேட்டால் வராது, அதே கதை.

சீட்டு சுலபம். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. விடையைப் பார்ப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் "ம், தெரியும்" என்று திருப்பக் கூடாது. தெரிந்தது மூன்று நாள் கழித்து வரட்டும், தெரியாதது நாளைக்கே வரட்டும்.

நான் வந்தது வரலாற்றுக்காக. வருடங்கள் கலந்துவிடுகின்றன என்றால் அவற்றைப் பட்டியலாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். பட்டியலில் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவில் எதுவும் இல்லை, அதனால் எது வேண்டுமானாலும் இடம் மாறலாம். நடுவில் "அதனால்" என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 1919-இல் வெர்சாய் உடன்படிக்கை, அதன் 231-ஆவது பிரிவு போர்ச் சேதங்களுக்கான பொறுப்பை ஜெர்மனியின் மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் வைத்தது. அதனால் இழப்பீடு கேட்டார்கள், 1921-இல் தொகை 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது. தவணை தவறியது, அதனால் 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதிக்குள் படையோடு புகுந்தன. அங்கே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசு நோட்டு அச்சடித்தது, ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த பணம் அதனால் அதே ஆண்டு முடிவதற்குள் வெறும் காகிதமானது. அதனால் 1924-இல் டாஸ் திட்டம், அமெரிக்கக் கடன் உள்ளே வந்தது. கடனில் நின்ற பொருளாதாரம் என்பதால் 1929-இல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததும் ஜெர்மனியும் சேர்ந்து சரிந்தது. 1932 வாக்கில் வேலையில்லாதவர்கள் 60 லட்சம் பேரை எட்டினார்கள், 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் பிரதமர். இதில் 1924-ஐ 1921-க்கு முன்னால் வைக்கவே முடியாது, வைத்தால் கதை ஓடாது.

இதைப் படித்ததும் "புரிந்தது" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஒரு வெறுந்தாளில் 1919 என்று மேலேயும் 1933 என்று கீழேயும் எழுதி, நடுவை நிரப்புங்கள். விட்ட இடத்தை வேறு நிற மையில் எழுதுங்கள். நாளை மறுநாள் மறுபடி வெறுந்தாள். ஐந்து மதிப்பெண் கேள்வியோ பத்து மதிப்பெண் கேள்வியோ, அந்தச் சங்கிலியை எத்தனை கண்ணி நீளத்துக்கு எழுதுவது என்பதுதான் வித்தியாசம்.

இலைநரம்பு:

உயிரியல் பிடிக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷம், ஆனால் பிடித்த பாடத்தில் இரண்டு மணி நேரம் போவதுதான் ஆபத்து, ஏனென்றால் அதில் பெரும்பாலும் தெரிந்ததையே திரும்பப் படித்துக்கொண்டிருப்போம், சுகமாக இருக்கும்.

படத்தைப் பார்க்காதீர்கள், வரையுங்கள். இதயம் என்றால் நான்கு அறையைப் பெட்டியாகப் போட்டால் போதும், ஓவியப் போட்டி இல்லை. ரத்தத்தின் வழியை விரலால் தடவிக்கொண்டே சொல்லுங்கள்: பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. தமனி என்றால் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம், சிரை என்றால் குறைந்த ரத்தம் என்று பொதுவாக எழுதிவிட்டு நுரையீரலில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். அங்கே தலைகீழ். இதயத்திலிருந்து வெளியே போனால் தமனி, உள்ளே வந்தால் சிரை, உள்ளே ஓடும் ரத்தம் எதுவானாலும் சரி. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமன் என்று கேட்டால், அது ரத்தத்தை உடல் முழுவதற்கும் தள்ள வேண்டும், வலது பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளினால் போதும் என்று படத்திலிருந்தே விடை வரும்.

கரும்பலகை:

இலைநரம்பு, சின்னத் திருத்தம். "வலது பக்கத்தில் இருக்கும் நுரையீரல்" என்று படித்துவிடப் போகிறார்கள். வலது வெண்ட்ரிக்கிள் இரண்டு நுரையீரல்களுக்கும் தள்ளுகிறது என்றுதானே சொல்ல வந்தீர்கள்?

இலைநரம்பு:

ஆமாம் சார், அதேதான். வலது வெண்ட்ரிக்கிள், இரண்டு நுரையீரலுக்கும். விடைத்தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் போயிருக்கும் :)

உரைநடை:

தமிழை யாரும் தொடவில்லையே, வழக்கம்போல. தாய்மொழிதானே என்று கடைசிக்குத் தள்ளுவார்கள், இலக்கணத்தில் கோட்டை விடுவார்கள். பகுபத உறுப்பிலக்கணம் முழு மதிப்பெண் தரும் பகுதி, விடை ஒன்றுதான், திருத்துகிறவர் மனநிலையைப் பொறுத்ததல்ல. "வந்தனன்" என்பதைப் பிரித்தால் வா பகுதி, "வ" எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது "ந்" ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. இதை மனப்பாடம் செய்வதைவிட, பிறகு "நின்றனன்", "கண்டனன்" என்று நீங்களாக இரண்டு எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மனப்பாடச் செய்யுளைச் சொல்லிப் பார்த்தால் போதாது, எழுதிப் பாருங்கள், வாயில் வரும் றகரம் பேனாவில் ரகரமாக இறங்கும். கட்டுரைக்கு முதல் பத்தியை மட்டும் எழுதிப் பழகினால் போதும், தொடங்கத்தான் நேரம் பிடிக்கும், தொடங்கிவிட்டால் கை ஓடும்.

நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். 100 மதிப்பெண், 3 மணி நேரம் என்றால் 180 நிமிடம். சரிபார்க்க 15 நிமிடம் ஒதுக்கினால் மீதி 165, ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எட்டு நிமிடம்தான். பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து ஒரு தடவையாவது முழுதாக எழுதுங்கள், படுத்துக்கொண்டு வாசிப்பதெல்லாம் கணக்கில் வராது.

அரைத்தூக்கம்:

ஒரு பாடத்தை முடித்துவிட்டு அடுத்ததா என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை போல. வேண்டாம். முதல் வாரத்தில் முடித்த வேதியியல் நாலாவது வாரத்தில் புதுப் பாடம் மாதிரி இருக்கும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன் மேலேயே சோதித்து 1885-இல் புத்தகமாகப் போட்டார், மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் வேகம், அப்புறம் மெதுவாகிறது. அதனால் மறுநாள் பத்து நிமிடம் திரும்பிப் பார்ப்பது ரொம்ப உதவும். அதற்காகத் தினமும் ஆறு பாடம் என்றும் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் புத்தகத்தைத் தேடி எடுப்பதற்கே நேரம் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று, அதில் ஒன்று கையால் போடுகிற பாடமாக இருக்கட்டும். பிடிக்காத வேதியியலை முதலில் வையுங்கள், உயிரியலைக் கடைசியில், களைத்த நேரத்திலும் அது ஓடிவிடும்.

ராத்திரி கண் விழிப்பதைப் பற்றி என் பெயரைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம், என்னைக் கேட்காதீர்கள்.

வீட்டுக்காவல்:

நான் கேட்காமலே சொல்கிறேன், அம்மாவாக. தூங்கும்போதுதான் அன்று படித்தது மூளையில் நிலைக்கிறது, அதைப் பறித்து அதே பாடத்தை நள்ளிரவில் இன்னொரு தடவை வாசிப்பதில் லாபம் இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவு புதுப் பாடம் எதையும் திறக்க வேண்டாம், தப்பு நோட்டும் தெரியாத சீட்டுகளும் போதும். வீட்டில் கிடைக்கும் "நன்றாகப் படி" பற்றி: "எவ்வளவு படித்தாய்" என்று கேட்கிற அம்மா கையில் அந்தச் சீட்டுக் கட்டைக் கொடுத்து, கேள்வி கேட்கச் சொல்லுங்கள் கண்ணு. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, நானும் கொஞ்சம் வேதியியல் கற்றுக்கொண்டேன்.

மங்கலான_பென்சில்:

அம்மாவிடம் கட்டைக் கொடுத்துப் பார்க்கிறேன் ஆன்ட்டி. வரலாற்று வெறுந்தாளை இப்போதே முயன்றேன். 1919, 1921, 1923 வந்தது. அப்புறம் 1929-இல் பங்குச்சந்தை சரிவு, அதைச் சரிசெய்ய டாஸ் திட்டம், பிறகு 1933 என்று எழுதியிருக்கிறேன். பார்த்தால் 1924 தப்பான இடத்தில் இருக்கிறது. "அதனால்" போட்டுத்தான் எழுதினேன், அப்படியும் இடம் மாறிவிட்டதே?

பழைய_மை:

தப்பு வந்த இடம் நல்ல இடம். டாஸ் திட்டத்தை "பொருளாதாரச் சிக்கலுக்கு உதவி" என்று பொதுவாக மனதில் வைத்திருக்கிறீர்கள், அதனால் எந்தச் சிக்கலுக்குப் பின்னாலும் அது பொருந்துகிறது. அது இழப்பீட்டுத் தவணையை எப்படிக் கட்டுவது என்பதற்கான ஏற்பாடு என்று சீட்டில் எழுதுங்கள், அப்போது ரூருக்கு அடுத்துத்தான் வரும். 1929-க்குப் பிறகு அமெரிக்காவிடம் வெளியே கொடுக்கக் கடன் ஏது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாளை மறுநாள் அதே தாளை மறுபடி எழுதுங்கள், இந்த முறை 1924-இலிருந்து பின்னோக்கி.